குமிழி தெரிகிறது என்றால் வாயு இன்னும் கரையவில்லை: செடி வளர்க்கும் மீன்தொட்டிக்கு சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு) கொடுக்கும் முறைகள்

சிலிண்டர் வாங்கி, ரெகுலேட்டர் மாட்டி, விளக்கையும் கூட்டிய பிறகும் செடி வளராமல் இலை விளிம்பில் பாசி மட்டும் ஏறுகிறது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படிப்பட்ட தொட்டியின் முன்னால் உட்கார்ந்து இரண்டு நிமிடம் பார்த்தால் போதும். டிஃப்யூசரிலிருந்து (வாயுவைப் பொடிக் குமிழிகளாக்கித் தண்ணீருக்குள் விடும் கருவி) குமிழிகள் நேராக மேலே ஏறுகின்றன, மேற்பரப்பைத் தொட்டதும் உடைகின்றன. வாயு சிலிண்டரிலிருந்து அறைக்குள் போகிறது, தண்ணீர் நடுவில் வெறும் வழியாக இருக்கிறது. சிஓ2 கொடுப்பது ஒரு வேலை, கரைப்பது வேறொரு வேலை. இந்த வழிகாட்டி பெரும்பாலும் அந்த இரண்டாவது வேலையைப் பற்றியது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. செடிகள் அடர்த்தியாக உள்ள தொட்டிக்கு லிட்டருக்கு 20 முதல் 30 மில்லிகிராம் வரை கரைந்த சிஓ2 இருந்தால் நல்லது என்பது பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. இரண்டடித் தொட்டியில் 60 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். 30 மில்லிகிராமை 60ஆல் பெருக்கினால் 1.8 கிராம், வாயுவாக அளந்தால் கிட்டத்தட்ட 1 லிட்டர். மொத்தத் தொட்டிக்கும் ஒரு நேரத்தில் தேவைப்படுவது அவ்வளவுதான். பபிள் கவுண்டரில் (வாயு போகும் வேகத்தைக் குமிழியாக எண்ணிப் பார்க்கும் சிறு குப்பி) 4 மில்லிமீட்டர் குமிழி நொடிக்கு ஒன்று விழுந்தால் மணிக்கு 120 மில்லி வாயு போகும். ஒரு துளியும் வீணாகாமல் கரைந்தால்கூட அந்த 1 லிட்டர் சேர எட்டு மணி நேரம் ஆகும். இடையில் மேற்பரப்பு வழியாக வெளியேறுவதும் செடி உறிஞ்சுவதும் நடந்துகொண்டே இருக்கின்றன. கரைக்கும் முறை மோசமாக இருந்தால் நொடிக்கு ஐந்து குமிழி விட்டாலும் ஏன் எட்டாது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

இன்னொரு விஷயம், வாயுக்கள் காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால் தண்ணீரில் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் பரவும். அதனால் இலையை ஒட்டியிருக்கும் மெல்லிய நீர்ப் படலத்தில் சிஓ2 தீர்ந்துவிட்டால் அடுத்தது வந்து சேரத் தாமதமாகிறது. நீரோட்டம் அந்தப் படலத்தைத் தொடர்ந்து புதுப்பிக்க வேண்டும். இந்த விஷயத்துக்குப் படி 5இல் திரும்ப வருகிறேன்.

எல்லாத் தொட்டிக்கும் இது தேவையா?

தேவையில்லை. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், மாஸ் (moss) வகைகள், இலங்கையின் ஓடைகளில் இயற்கையாக வளரும் கிரிப்டோகோரைன் வென்ட்டியை போன்றவை மிதமான வெளிச்சத்தில் சிஓ2 இல்லாமலே நன்றாக வளரும். சிவப்பு ரோட்டாலா, தரையில் கம்பளம் போலப் படரும் குட்டிச் செடிகள், அதிக வெளிச்சம் ஆகிய மூன்றில் ஒன்று உங்கள் திட்டத்தில் இருந்தால்தான் மேலே படியுங்கள். வெளிச்சத்தை ஏற்றிவிட்டு சிஓ2வை விட்டுவிடுவது பாசிக்கு விருந்து வைப்பது போல.

கடையில் 'லிக்விட் கார்பன்' என்று விற்பது கரைந்த சிஓ2 அல்ல. பெரும்பாலும் அதில் இருப்பது குளூட்டரால்டிஹைடு. பாசியைக் கட்டுப்படுத்த உதவும், ஆனால் வாலிஸ்னேரியா, எஜீரியா போன்ற செடிகளைக் கரைத்துவிடக்கூடும். அதை வைத்து இந்த வேலையை முடித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம்.

படி 1: தண்ணீரை அளங்கள்

கேஎச் (தண்ணீரில் உள்ள கார்பனேட், பைகார்பனேட்டின் அளவு) சோதனைக் குப்பி ஒன்றும் பிஎச் (அமில காரத் தன்மை, எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) மீட்டர் ஒன்றும் வாங்குங்கள். சென்னையின் பல பகுதிகளில் போர் தண்ணீரில் கேஎச் 10 டிகிரிக்கு மேல் இருப்பது சகஜம். இதில் பயப்பட ஒன்றுமில்லை. கேஎச் கூடினாலும் அதே அளவு வாயு அதே அளவுதான் கரையும், பிஎச் எண் மட்டும் மேலே நிற்கும். பிஎச்சையும் கேஎச்சையும் வைத்து சிஓ2வைக் கணக்கிடும் அட்டவணை நாம் எல்லோரும் பார்த்ததுதான். கேஎச் 4, பிஎச் 6.6 என்றால் 30 மில்லிகிராம் என்று அது சொல்லும். தண்ணீரில் கார்பனேட்டைத் தவிர வேறு அமிலமோ காரமோ இல்லாத இடத்தில்தான் அந்த அட்டவணை சரிவரும். அக்வா சாயில் (செடித் தொட்டிக்கென விற்கும் மண்), ஊறிய மரக்கட்டை, பாதாம் இலை ஏதாவது தொட்டியில் இருந்தால் அது காட்டும் எண்ணை நம்பி வாயுவைக் கூட்டாதீர்கள்.

படி 2: வாயு எங்கிருந்து வருகிறது

*சர்க்கரையும் ஈஸ்ட்டும்.* இரண்டு லிட்டர் பெட் பாட்டிலில் 200 கிராம் சர்க்கரை, 1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர், கால் டீஸ்பூன் ஈஸ்ட். ஆரம்பிக்க எளிது, செலவும் குறைவு. ஆனால் நம் ஊர் வெக்கையில் முதல் சில நாள் பொங்கி வழியும், பிறகு தளர்ந்துவிடும். இரவில் நிறுத்தவும் முடியாது. இடையில் ஒரு சிறு பாட்டிலில் தண்ணீர் வைத்து அதன் வழியாக வாயுவை விடுங்கள், இல்லாவிட்டால் ஈஸ்ட் நுரை தொட்டிக்குள் வந்துவிடும். 30 லிட்டருக்குக் குறைந்த தொட்டிக்கு மட்டும் இதைப் பரிந்துரைப்பேன்.

*எலுமிச்சை உப்பும் ஆப்ப சோடாவும்.* இதற்கென இரட்டை பாட்டில் மூடிகள் கிடைக்கின்றன. ஒன்றில் 200 கிராம் சிட்ரிக் அமிலத்தை 600 மில்லி நீரில் கரைக்க வேண்டும், மற்றதில் 200 கிராம் ஆப்ப சோடாவும் 200 மில்லி நீரும். அமிலம் கொஞ்சம் கொஞ்சமாகச் சோடாவுக்குள் போகிறது. 200 கிராம் சோடாவிலிருந்து கிடைக்கும் வாயு அதிகபட்சம் சுமார் 105 கிராம். ஈஸ்ட்டைவிட அழுத்தம் நன்றாகக் கிடைக்கும், நீடில் வால்வால் (வாயுவை நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்கும் வால்வு) கட்டுப்படுத்தலாம், செராமிக் டிஃப்யூசரும் வேலை செய்யும். சோடா குடித்த பெட் பாட்டிலை மட்டும் பயன்படுத்துங்கள். கண்ணாடி பாட்டில் கூடவே கூடாது, வெடித்தால் சில்லுகள் கண்ணுக்குத்தான் வரும்.

*சிலிண்டர்.* இரண்டடிக்கு மேல் என்றால் இதுதான் வழி. ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்: சிலிண்டருக்குள் சிஓ2 திரவமாக இருக்கும்வரை அழுத்தமானி ஒரே இடத்தில் நிற்கும். 20 டிகிரி செல்சியஸில் சுமார் 57 பார், 30 டிகிரியில் 70ஐத் தாண்டும். மானியை வைத்து மிச்சம் எவ்வளவு என்று சொல்ல முடியாது, எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். காலி எடை சிலிண்டரின் தோளில் அடித்திருக்கும், பரிசோதனைத் தேதியும் அங்கேதான். 31 டிகிரிக்கு மேல் சிஓ2 திரவமாகவே இருக்காது, அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் அழுத்தம் வேகமாகக் கூடும். அதனால் நிரப்புமிடத்தில் "கொஞ்சம் கூடவே போடுங்க அண்ணே" என்று கேட்காதீர்கள். குறித்த எடைக்கு மேல் ஒரு கிராமும் வேண்டாம். வெயில் படும் பால்கனியிலும் வைக்க வேண்டாம்.

2 கிலோ வாயு முழுதும் கசிந்தால் அது சுமார் 1.1 கன மீட்டர். பத்துக்குப் பத்து அறையில் காற்றின் கிட்டத்தட்ட 4 சதவீதம் சிஓ2 ஆகிவிடும், இது உயிருக்கு ஆபத்தான அளவு. படுக்கையறையில் சிலிண்டர் வைப்பவர்கள் இந்த எண்ணை மனதில் வைத்து, ஜன்னலை முழுக்க அடைக்காமல், சிலிண்டரை நிமிர்த்தி, சாயாதபடி கட்டி வையுங்கள்.

ரெகுலேட்டரில் இரண்டு கட்டமாக அழுத்தம் குறைக்கும் வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள். ஒற்றைக் கட்ட வகையில் சிலிண்டர் தீரும் நேரத்தில் வெளி அழுத்தம் ஏறி, மிச்ச வாயு ஒரேயடியாகத் தொட்டிக்குள் பாயும் வாய்ப்பு உண்டு. சோலனாய்டு (கரன்ட்டில் திறந்து மூடும் வால்வு), நல்ல நீடில் வால்வு, பபிள் கவுண்டர், செக் வால்வு (தண்ணீர் பின்னால் வராமல் தடுக்கும் ஒருவழி வால்வு) நான்கும் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் செக் வால்வுகள் நாளடைவில் கெட்டுவிடும், பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எடுங்கள். அது கெட்டால் தொட்டித் தண்ணீர் ரெகுலேட்டருக்குள் இறங்கும்.

படி 3: குழாய்

சிறிய விஷயம், ஆனால் நான் மூன்று மாதம் இதில்தான் தோற்றேன். ஒரு கடையில் சிஓ2 குழாய் என்று கொடுத்தார்கள். தொட்டால் மெத்தென்று இருந்தது, வளைக்கவும் சுலபம். அது ஏர் பம்புக்குப் போடும் சிலிக்கான் குழாய். சிலிக்கான் வழியாக சிஓ2 ஊடுருவி வெளியே போகும். சிலிண்டர் எதிர்பார்த்ததைவிட வெகு சீக்கிரம் தீர்ந்துபோக, எந்த இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவினாலும் குமிழி வரவில்லை. குழாயின் முழு நீளமும் கசிவு என்று புரியவே நாளாகிவிட்டது. கொஞ்சம் விறைப்பான பாலியூரிதேன் குழாய் கேட்டு வாங்குங்கள். மாட்டியபின் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள்.

படி 4: கரைக்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள்

வாயுவைக் கரைப்பவை மூன்று: தண்ணீரைத் தொடும் பரப்பு, தொட்டுக்கொண்டிருக்கும் நேரம், அழுத்தம். ஒரே அளவு வாயுவைப் பாதி விட்டமுள்ள குமிழிகளாக உடைத்தால் மொத்தப் பரப்பு இரண்டு மடங்காகும், சிறு குமிழி மெதுவாகவும் ஏறும். கீழே சொல்லும் எல்லா முறைகளும் இந்த மூன்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவைதான்.

கவிழ்த்த கிண்ணம் மிகப் பழைய முறை. அகலமான ஒளிபுகும் மூடியைத் தண்ணீருக்குள் கவிழ்த்து உறிஞ்சிக் கோப்பையால் ஒட்டி, அடியில் வாயுவை நிரப்புவது. குமிழியே இல்லை, நீரும் வாயுவும் தொடும் தட்டையான பரப்பு மட்டும். 20 லிட்டர் தொட்டிக்குப் போதும். ஆனால் வாயு கரைந்து வெளியே போகும் அதே நேரத்தில் தண்ணீரில் இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் கிண்ணத்துக்குள் வந்து தங்கிவிடும். அதனால் தினம் ஒருமுறை கிண்ணத்தைச் சாய்த்து காலி செய்து புதிதாக நிரப்ப வேண்டும். நிரம்பித்தானே இருக்கிறது என்று விட்டால் அதில் சிஓ2 அதிகம் மிச்சமிருக்காது.

ஏணி போன்ற குமிழிப் பாதை குமிழியைச் சுற்றிச் சுற்றி நடக்க விட்டு நேரத்தைக் கூட்டும். ஈஸ்ட் முறைக்கு இது பொருத்தம், அழுத்தம் தேவையில்லை. பாசி பிடித்தால் பார்க்க நன்றாக இருக்காது, அவ்வளவே குறை.

கண்ணாடி அல்லது ஸ்டீல் உடலில் செராமிக் தட்டு பதித்த டிஃப்யூசர்தான் பெரும்பாலோர் தொடங்கும் இடம். இதன் வெற்றி எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது. தரையிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் உயரத்தில் வையுங்கள். ஃபில்டரின் வெளியேற்றுக் குழாய் தண்ணீரைத் தள்ளும் எதிர்ப்பக்கச் சுவரில், நீரோட்டம் கீழே திரும்பும் இடத்தில் வைத்தால் குமிழிகள் மேலே போகாமல் தரையோடு அடித்துச் செல்லப்படும். பனிமூட்டம் மாதிரி குமிழிகள் செடிகளுக்கு இடையே மிதந்தால் இடம் சரி. நேர்க்கோடாக ஏறினால் நகர்த்துங்கள். வேலை அழுத்தம் 1 முதல் 2 பார் வரை வேண்டும். அழுத்தத்தைத் திறந்ததும் தட்டில் குமிழி வராவிட்டால் பயந்து கூட்டாதீர்கள், செராமிக் நனைந்து அழுத்தம் சேர சில நிமிடம் ஆகும்.

ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும். மேற்பரப்பு வரை வந்து உடையும் மிகச் சிறு குமிழி எல்லாம் வீணான சிஓ2 அல்ல. ஏறும் வழியில் குமிழிக்குள்ளிருந்து சிஓ2 வெளியேற, நைட்ரஜனும் ஆக்சிஜனும் உள்ளே நுழைகின்றன. கடைசியில் மிஞ்சும் பொடிக் குமிழியில் பெரும்பங்கு அவைதான். ஆகவே பொடிக் குமிழி மிதப்பதற்காக மனம் தளர வேண்டாம். கடுகு அளவுக் குமிழிகள் ஏறி உடைந்தால்தான் கவலை.

பவர் ஹெட் (தொட்டிக்குள் மூழ்கி நீரைத் தள்ளும் சிறு பம்பு) அல்லது உள் ஃபில்டர் வைத்திருப்பவர்களுக்குப் பணம் செலவில்லாத வழி ஒன்று உண்டு. சிஓ2 குழாயின் முனையை அதன் உறிஞ்சும் வாய்க்கு நேர் கீழே வையுங்கள். உள்ளே சுழலும் இறக்கை (இம்பெல்லர்) குமிழிகளைப் பொடியாக வெட்டி வெளியே தள்ளும். கொஞ்சம் கரகரவென்று சத்தம் வரும். பெரிய குமிழி ஒரேயடியாகப் போனால் இம்பெல்லர் காற்றில் சுழலும், அதனால் அளவு மெதுவாக இருக்கட்டும். தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய கேனிஸ்டர் ஃபில்டரின் உறிஞ்சும் குழாயில் இதைச் செய்ய வேண்டாம், உள்ளே வாயு சேர்ந்து நீரோட்டமே நின்றுவிடும்.

கேனிஸ்டர் வைத்திருப்பவர்களுக்கு வெளியேற்றுக் குழாயில் இடையே பொருத்தும் இன்லைன் டிஃப்யூசர் இருக்கிறது. 2 பாருக்கு மேல் அழுத்தம் கேட்கும், குமிழிகள் பால்போல் பொடியாகத் தொட்டிக்குள் வரும். கரைவதில் குறையில்லை, ஆனால் தண்ணீர் எப்போதும் லேசாகப் புகைந்தது போல் தெரியும். எனக்கு அது பிடிக்கவில்லை.

நான் கடைசியில் தங்கிவிட்டது ரியாக்டரில். குமிழி ஒன்றுகூடத் தொட்டிக்குள் வராமல், கரைந்த வாயு மட்டும் வரும் முறை இது. நூறு லிட்டருக்கு மேல் தொட்டி வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் வீட்டிலேயே செய்யலாம். ஆர்ஓ மெஷினுக்கு முன்னால் மாட்டும் பத்து அங்குல ஒளிபுகும் ஃபில்டர் ஹவுசிங் ஒன்று வாங்குங்கள், உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜை எடுத்துவிடுங்கள். மூடியின் நடுத் துளை, அதாவது தண்ணீர் வெளியேறும் வழியில், ஒரு கெட்டியான பிவிசி குழாயைப் பொருத்துங்கள். அதன் கீழ் முனை அடித்தளத்திலிருந்து 3 சென்டிமீட்டர் மேலே நிற்கும்படி வெட்டுங்கள். கேனிஸ்டரிலிருந்து வரும் நீர் ஹவுசிங்கின் உள்வழியில் நுழையும். கேனிஸ்டரிலிருந்து வரும் அந்தக் குழாயில் ஒரு டி (T) இணைப்பு வைத்து சிஓ2வைச் சேருங்கள்.

நீர் மேலிருந்து கீழே இறங்குகிறது, குமிழி மேலே ஏறப் பார்க்கிறது. இரண்டும் எதிரெதிராக முட்டிக்கொண்டு, கரையும் வரை குமிழி அங்கேயே மாட்டிக்கொள்கிறது. அடிக்குழாய் வழியாகப் போவது கரைந்த நீர் மட்டுமே. ஒளிபுகும் ஹவுசிங் என்பதால் உள்ளே குமிழிகள் கொதிப்பதுபோல் சுழல்வதை நேரில் பார்க்கலாம். மேலே வாயுத் தேக்கம் இரண்டு விரல் அளவுக்கு மேல் சேர்ந்தால் வாயு அதிகம் அல்லது நீரோட்டம் குறைவு என்று அர்த்தம். ஹவுசிங் காரணமாக ஃபில்டரின் வேகம் கொஞ்சம் குறையும், அதற்குத் தகுந்த ஃபில்டரை எடுங்கள். மாட்டிய முதல் இரவு அடியில் ஒரு தட்டை வைத்துவிட்டுத் தூங்குங்கள். இணைப்பில் கசிவு இருந்தால் காலையில் தட்டில் தெரியும்.

ஜப்பானின் தக்காஷி அமானோ, 1982இல் நீகாட்டாவில் தன் அக்வாரியம் நிறுவனத்தைத் தொடங்கி இன்றைய செடித் தொட்டிக் கலைக்கு வடிவம் கொடுத்தவர், இளமையில் சோடா நீரைத் தொட்டியில் ஊற்றிப் பார்த்துத்தான் இந்த வழிக்கு வந்தார் என்பார்கள். முழுக்கக் கரைந்த வாயு என்று பார்த்தால் ரியாக்டர் நமக்குத் தருவதும் ஒருவகையில் மிக மென்மையான சோடாதான்.

படி 5: நீரோட்டம்

முன்பு சொன்ன இலைப் படலத்துக்கு இப்போது வருவோம். கரைந்த வாயு தொட்டியின் ஒரு மூலையில் தங்கினால் பயனில்லை. எல்லா இலைகளும் லேசாக அசைய வேண்டும், மூலையில் நிற்கும் செடியும்கூட. அசையாத இடத்தில்தான் கறுப்புப் பாசி முதலில் பிடிக்கும். மேற்பரப்பும் சற்றே சலசலக்கட்டும். வாயு போய்விடுமே என்று மேற்பரப்பைக் கண்ணாடிபோல் அசையாமல் வைப்பது தவறு. கொஞ்சம் வாயு போகும், பதிலுக்கு மீனுக்கு ஆக்சிஜன் வரும். 20 டிகிரி நீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் என்றால், நம் கோடைக்கால 30 டிகிரி நீரில் 7.5தான் கரையும். அந்தக் குறைவை மேற்பரப்புதான் ஈடுகட்டுகிறது.

படி 6: அளவைக் கண்டுபிடிப்பது

டிராப் செக்கர் என்பது தொட்டிக்குள் மாட்டி, உள்ளிருக்கும் கரைசலின் நிறத்தை வைத்து சிஓ2 அளவைப் பார்க்கும் சிறு குப்பி. அதில் தொட்டித் தண்ணீரை ஊற்றாதீர்கள். 4 டிகிரி கேஎச் கரைசல்தான் வேண்டும், வீட்டிலேயே செய்யலாம். 1.2 கிராம் ஆப்ப சோடாவை 1 லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் கரைத்தால் 40 டிகிரி. அதில் 100 மில்லி எடுத்து 900 மில்லி டிஸ்டில்டு வாட்டர் சேர்த்தால் 4 டிகிரி. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும், அதில் அமிலம் கலந்திருக்கக் கூடாது. புரோமோதைமால் ப்ளூ நிறங்காட்டி நான்கைந்து சொட்டு விட்டு, தொட்டியில் டிஃப்யூசருக்கு எதிர்ப்பக்கம் மாட்டுங்கள். நீலம் என்றால் குறைவு, புல் பச்சை சரி, மஞ்சள் அதிகம்.

அது காட்டுவது இப்போதைய நிலை அல்ல, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு முந்தைய நிலை. வாயு கரைசலுக்குள் காற்று இடைவெளி வழியாகத்தான் வர வேண்டும், அதற்கு நேரமாகும். அதனால் பிஎச் மீட்டரையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். காலையில் வாயு திறப்பதற்கு முன் பிஎச் பாருங்கள், பிறகு அரை மணிக்கு ஒருமுறை குறியுங்கள். பிஎச் 1 குறைந்தால் சிஓ2 பத்து மடங்கு கூடியிருக்கிறது. விளக்கு எரியும் நேரத்தில் பிஎச் குறைந்த இடத்திலேயே நிலையாக நின்று, ஒரு நாளைக்கும் மறுநாளைக்கும் அதே கோடாக இருந்தால் உங்கள் முறை சரியாகக் கரைக்கிறது. நாளுக்கு ஒரு மாதிரி ஏறி இறங்கும் சிஓ2தான் பாசிக்குப் பிடித்தது.

இன்னொருவர் நொடிக்கு எத்தனை குமிழி விடுகிறார் என்று கேட்டுப் பயனில்லை. அவருடைய கவுண்டரின் குமிழி வேறு அளவு, அவர் தொட்டியின் மேற்பரப்பு வேறு.

படி 7: நேரம்

விளக்கு போடுவதற்கு ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் முன்பே சோலனாய்டு திறக்கட்டும். விளக்கு வரும்போது டிராப் செக்கர் பச்சைக்கு வந்திருக்க வேண்டும். விளக்கு அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடலாம். இரவில் செடியும் சிஓ2 வெளியிடும், ஆக்சிஜனை எடுக்கும். கரன்ட் போனால் சோலனாய்டு தானாக மூடிக்கொள்ளும், நல்லது. ஈஸ்ட் பாட்டிலுக்கு அந்த வசதி கிடையாது. பம்பு நின்று, வாயு மட்டும் ஓடும். ஈஸ்ட் வைப்பவர்கள் பேட்டரியில் ஓடும் ஏர் பம்பு ஒன்றைக் கையில் வைத்திருங்கள், இரவிலும் ஏர் ஸ்டோன் ஓடட்டும்.

மீனைப் பார்ப்பது

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நீடில் வால்வைக் கால் சுற்று கூட்டிவிட்டு மாமியார் வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். மதியம் திரும்பியபோது கார்டினல் டெட்ராக்கள் எல்லாம் ஃபில்டர் வாயருகே மேலே மொய்த்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடின. இரண்டு மல்லாந்து கிடந்தன. டிராப் செக்கர் அப்போதுதான் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. தண்ணீரில் ஆக்சிஜன் குறையவில்லை. ஆனால் சுற்றிலும் சிஓ2 அதிகமாக இருந்தால் மீனின் ரத்தத்தில் சேரும் சிஓ2 செவுள் வழியாக வெளியே போக முடியாது. ரத்தம் அமிலமாகி, ஆக்சிஜனைப் பிடித்துச் செல்லும் திறனும் குறைந்துவிடும். வாயுவை மூடி, ஏர் ஸ்டோனை முழு வேகத்தில் விட்டு, பாதித் தண்ணீரை மாற்றினேன். அரை மணி நேரத்தில் மற்றவை இறங்கி நீந்தின. அந்த இரண்டையும் காப்பாற்ற முடியவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் முழு நாளும் இருக்கும் நாளில் மட்டும்தான் வால்வைத் தொடுகிறேன். ஒரு தடவைக்கு மிகச் சிறிய திருப்பம், பிறகு இரண்டு நாள் பார்ப்பது. டிராப் செக்கர் பச்சையாக இருந்தும் மீன் மேலே வந்து மூச்சு வாங்கினால் மீன் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். இறால்கள் இன்னும் சீக்கிரம் சுருண்டுவிடும்.

டிஃப்யூசரைக் கழுவுவது

மூன்று நான்கு வாரத்தில் செராமிக் தட்டில் பச்சை படியும், குமிழி பெரிதாகும், ஒரு ஓரத்திலிருந்து மட்டும் வரும். தேய்க்காதீர்கள், தேய்த்தால் துளைகள் அடையும். வீட்டு பிளீச்சைத் தண்ணீரில் கலந்து ஒன்றிரண்டு மணி நேரம் ஊறவையுங்கள், நன்றாக அலசி, குளோரின் நீக்கும் மருந்து கலந்த நீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுங்கள். கால்சியம் படிந்திருந்தால் வினிகரில் ஊறவைக்கலாம், ஆனால் அதே நாளில் அதே பாத்திரத்தில் வேண்டாம். பிளீச்சும் வினிகரும் கலந்தால் குளோரின் வாயு வரும், எலுமிச்சை உப்பு கலந்தாலும் அதேதான். ஊறிய தட்டு மறுபடி வெள்ளையாகி, முதல் நாள் வந்தது போல முழுப் பரப்பிலும் பொடிக் குமிழி வந்தால் திரும்ப மாட்டுங்கள். மாட்டிய பிறகு பபிள் கவுண்டரின் வேகத்தை மறுபடி சரிபார்த்து, அன்று முழுக்க மீன்கள் மேல் ஒரு கண் வைத்திருங்கள். சுத்தமான தட்டு, அதே குமிழி எண்ணிக்கையில், நேற்றைவிட அதிக வாயுவைக் கரைக்கும்.